மாலை கழற்றிய மறுநாள்

அன்புள்ள முருகேசனுக்கு,

அத்தை எழுதுவது. "அந்தக் கூட்டத்துல என்னத்த அத்தை செய்வாங்க?" என்று போனில் கேட்டாய். பக்கத்தில் ஆள் இருந்ததால் அரைகுறையாகச் சொல்லி வைத்தேன். இதைத் தனியாக இருக்கும்போது படி.

வருஷா வருஷம் கார்த்திகையில் மாலை போடுகிறாய். மண்டலம் முழுக்க ஒரு சொட்டுத் தொடுவதில்லை. மலைக்குப் போய்வந்து மாலையைக் கழற்றிய மறுநாள் மேலூர் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் உன்னைத் தேட வேண்டியிருக்கிறது. "சாமிக்குப் பயந்து இருக்கான், நமக்குப் பயப்பட மாட்டேங்கிறான்" என்பார் அண்ணன். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்த நாட்களில் குருசாமி இருக்கிறார், சாயங்காலம் பஜனை இருக்கிறது, எதிரே வருகிறவனெல்லாம் "சாமி" என்கிறான். உன்னைத் தனியாக விடுவதே இல்லை. இருமுடி இறங்கியதும் அத்தனை பேரும் கலைந்துபோகிறார்கள். கலையாத ஒரு கூட்டம் உனக்கு வேண்டும். ஏ.ஏ. என்கிற ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் அப்படிப்பட்டது.

அதற்கு முன்னால் ஒன்று. இப்போதெல்லாம் காலையில் கை நடுங்குகிறது, கட்டிங் போட்டால்தான் நிற்கிறது என்று உன் வீட்டுக்காரி செல்வி சொன்னாள். அந்த நிலையில் சட்டென்று நிறுத்தினால் இரண்டு மூன்று நாளில் வலிப்பு வரலாம், புத்தி தடுமாறி இல்லாததெல்லாம் கண்ணுக்குத் தெரியலாம். உயிருக்கே ஆபத்து. முதலில் பெரியாஸ்பத்திரி மனநலப் பிரிவில் டாக்டரைப் பார். "தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுக்கலாம்" என்று சுவரில் நோட்டீஸ் ஒட்டுகிறார்களே, அந்தப் பக்கமே போகக் கூடாதென்று செல்வியிடமும் சொல்லிவிட்டேன். டைசல்ஃபிராம் போன்ற மாத்திரை, குடிப்பவனுக்குத் தெரிந்து, டாக்டர் பார்வையில் கொடுக்க வேண்டியது. தெரியாமல் கொடுத்து, அவன் அதன்மேல் குடித்தால் விபரீதமாகிவிடும்.

இனி கூட்டத்துக்கு வருகிறேன். மாமா குடியை விட ஏ.ஏ.க்குப் போனபோது அவரோடு திறந்த கூட்டங்களுக்குப் போயிருக்கிறேன். அதில் வீட்டாரும் உட்காரலாம். மூடிய கூட்டம் குடிநோயாளிகளுக்கு மட்டும். ஒரு பள்ளிக்கூட அறை, பிளாஸ்டிக் நாற்காலிகள், டீ. ஒருவர் தன் பெயரைச் சொல்லி "நான் ஒரு குடிநோயாளி" என்று தொடங்குவார். பெண்டாட்டி தாலியை அடகு வைத்த கதை வரும். அடுத்தவர் அதைவிட மோசமானதைச் சொல்வார். நடுவில் எல்லோரும் சிரிப்பார்கள். முதலில் எனக்கு அந்தச் சிரிப்பைக் கேட்டால் எரிச்சலாக இருக்கும். யாரும் குறுக்கே பேசுவதில்லை, புத்தி சொல்வதும் இல்லை. (நம் வீட்டில் இரண்டும் நடக்காத காரியம்.) பேசப் பிடிக்காவிட்டால் "இன்னைக்குக் கேட்டுக்கிறேன்" என்றால் போதும். கட்டணம் கிடையாது, ஆதார் கேட்க மாட்டார்கள். கடைசியில் பை ஒன்று சுற்றி வரும், இஷ்டமிருந்தால் பத்து ரூபாய் போடு. சேருவதற்குக் குடியை நிறுத்தும் ஆசை இருந்தால் போதும்.

பெரும்பாலும் சாயங்காலம் கூடுவார்கள். டாஸ்மாக் பகல் 12 மணிக்குத் திறந்து இரவு 10 மணிக்கு மூடுகிறது. உன் கால் தன்னால் அங்கே நடப்பது ஏழு மணிக்கு. அந்த ஏழு மணிக்கு நீ கூட்டத்தில் ஒரு நாற்காலியில் இருந்தாலே பாதி வைத்தியம்.

1935-இல் அமெரிக்காவின் ஆக்ரான் ஊரில் ஒரு பங்குத் தரகரும் ஓர் அறுவைச் சிகிச்சை டாக்டரும், இருவருமே குடிநோயாளிகள், உட்கார்ந்து பேசியதில் ஏ.ஏ. ஆரம்பித்தது. இந்தியாவுக்கு 1957-இல் வந்தது. படித்தவனாச்சே நீ, "பேசினா சரியாயிருமா" என்பாய். 2020-இல் காக்ரேன் அமைப்பு, பத்தாயிரம் பேருக்கு மேல் பங்கெடுத்த 27 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது. குடியை அறவே விட்டு இருப்பதில் ஏ.ஏ.யும் அதற்கு ஆளைத் தயார்செய்யும் சிகிச்சையும் மற்றச் சிகிச்சைகளைவிட மேலாகவே நின்றன. எல்லோருக்கும் பலிக்கும் என்று சொல்லவில்லை. மாமாவே நடுவில் சறுக்கினார். திரும்பிப் போனபோது ஏன் என்று யாரும் கேட்கவில்லை, நாற்காலியை இழுத்துப் போட்டார்கள்.

கூட்டம் சர்ச் வளாகத்தில் நடந்தால் மிரளாதே; சர்ச்சுக்காரர்கள் இடம் கொடுப்பதோடு சரி. ஏ.ஏ. சொல்லும் 12 படிகளில் கடவுள் வருவார், அது அவரவர் அறிந்த கடவுள். உனக்கு அழகர் போதும். தெரிந்தவன் எவனாவது இருந்தால்? இருக்கட்டும், அவனும் அதற்குத்தான் வந்திருப்பான். அங்கே நான் யார் யாரைப் பார்த்தேன் என்று உன்னிடம்கூடச் சொல்ல மாட்டேன்.

நாளும் இடமும் மாறும், விசாரித்துவிட்டுப் போ. ஆஸ்பத்திரி ஆலோசகரைக் கேள், இல்லாவிட்டால் 14446-ஐக் கூப்பிடு; போதை மீட்புக்கான கட்டணமில்லா எண். ஒரு குழு ஒத்துவராவிட்டால் இன்னொன்றுக்குப் போ. செல்வியைக் காவலுக்குக் கூட்டிப் போகாதே. வீட்டாருக்கென்றே அல்-அனான் தனியாக இருக்கிறது, அவளை நான் பார்த்துக்கொள்கிறேன்.

ஆடியில் குலசாமிக்குக் கிடாவெட்டு வருகிறது. பந்தி முடிந்து தோப்பில் யார் யார் கூடுவார்கள் என்று உனக்கே தெரியும். அதற்குள் கூட்டத்தில் ஒருவருடைய நம்பரை வாங்கி வை. கை பரபரத்தால் முதலில் அவரைக் கூப்பிடு. அதுவும் முடியாதென்றால் இந்த வருஷம் கிடாவெட்டுக்கே வராதே. உன் தலைக்கட்டு வரியை நான் கட்டிவிடுகிறேன், அண்ணனிடமும் நானே பேசிக்கொள்கிறேன்.

உன் அத்தை