கட்டுமரமும் கேண்மையும்

நுழையும்முன்

நட்புக்கு இலக்கணம் வகுத்த மொழி தமிழ். நட்பு, நட்பாராய்தல், பழைமை, தீ நட்பு, கூடா நட்பு என ஐந்து அதிகாரங்களைத் திருவள்ளுவர் இப்பொருளுக்கே ஒதுக்கினார். அவற்றுள் ‘பழைமை’ என்பது நெடுங்காலம் பழகி முதிர்ந்த நட்பின் உரிமையைப் பேசுவது. அத்தகைய பழைமையைக் கடலின் நடுவே வைத்துக் காட்டிய ஒரு நாவலை இப்பாடம் அறிமுகப்படுத்துகிறது.

கடலறிந்த எழுத்து

ஆர். என். ஜோ டி குருஸ் எழுதிய ‘ஆழி சூழ் உலகு’ 2004ஆம் ஆண்டு வெளிவந்தது. அவர் எழுதிய முதல் நாவல் இதுவே. தமிழில் கடற்கரை வாழ்வைப் பேசிய நாவல்கள் அதற்கு முன்பும் உண்டு. வண்ணநிலவனின் ‘கடல்புரத்தில்’, ராஜம் கிருஷ்ணனின் ‘அலைவாய்க் கரையில்’ ஆகியவை 1970களில் எழுந்தவை. அவ்விருவரும் கரையில் நின்று பரிவோடு கடலைப் பார்த்தவர்கள். ஜோ டி குருஸ் உவரி என்னும் கடற்கரை ஊரில், மீனவக் குடியிலேயே பிறந்தவர். பின்னர்ச் சென்னையில் கப்பல் போக்குவரத்துத் துறையில் பணியாற்றியவர். ஆகவே அவருடைய எழுத்தில் கடல் வருணனைப் பொருளாக நில்லாமல், உழைப்பின் களமாக, பசியின் காரணமாக, இறப்பின் இடமாக விரிகிறது.

கதையின் களம் ஆமந்துறை என்னும் சிற்றூர். 1933 முதல் 1985 வரையிலான அரை நூற்றாண்டுக்கு மேற்பட்ட காலத்தை நாவல் அளக்கிறது. 1985இல் புயலுக்குப் பின் உடைந்த கட்டுமரத்தைப் பற்றிக்கொண்டு மூவர் நடுக்கடலில் மிதக்கின்றனர். அவர்கள் முதியவர் கோத்ராப் பிள்ளை, சூசை, இளைஞன் சிலுவை ஆகியோர். இவர்கள் கரை சேர்வார்களா என்னும் கேள்வி ஓர் அத்தியாயத்தில் எழ, அடுத்து வரும் அத்தியாயங்கள் ஊரின் பழங்கதைக்குத் திரும்புகின்றன. மீண்டும் கடல், மீண்டும் ஊர். அலை வந்து மீள்வதைப் போன்ற இவ்வமைப்பினால், மரத்தில் தொங்கும் மூவரும் யார், ஒருவருக்கு ஒருவர் என்ன உறவு, எதற்குக் கடன்பட்டவர்கள் என்பனவற்றைச் சிறிது சிறிதாக அறிகிறோம்.

இருவர் ஏறும் மரம்

கோத்ராப் பிள்ளைக்கும் தொம்மந்திரைக்கும் இடையிலான நட்பு நாவலின் முதுகெலும்பு. இதன் தன்மையை உணரக் கட்டுமரத்தை அறிந்திருத்தல் வேண்டும். சில மரத்துண்டுகளை இழைத்துக் கயிற்றால் பிணைத்தால் கட்டுமரம். அதற்குத் தளம் இல்லை; பக்கச் சுவரும் இல்லை. அலை மேலேறி இடுக்குகளின் வழியே வடிந்துவிடும். நீர் தங்காமையால் அது மூழ்குவதில்லை. ஆயினும் அதன்மேல் நிற்பவரை எந்நேரமும் கடல் இழுத்துச் செல்லலாம். ஒருவர் வலை வளைக்கும்போது மற்றவர் மரத்தை அலைக்கு நேராக நிறுத்த வேண்டும். அவருடைய கை ஒருகணம் தளர்ந்தால் இவருடைய உயிர் போகும். இதனைச் சொல்லிக் காட்டவோ நன்றி கூறவோ அங்கு நேரமில்லை. கரைக்கு வந்தபின் பிடிபட்ட மீன் மரத்துக்கு, வலைக்கு, உழைத்த கைகளுக்கு எனப் பங்காகப் பிரியும்.

சங்க இலக்கியம் போற்றும் கோப்பெருஞ்சோழன், பிசிராந்தையார் நட்பு நேரில் காணாமலே உணர்ச்சியால் வளர்ந்தது. நெய்தலின் நட்போ அதற்கு நேர் எதிர்த் திசையில் நிற்பது. உடல்கள் ஒரே மரத்தில் நனைந்து, ஒரே கயிற்றை இழுத்து, ஒரே பசியைத் தாங்கி அது வளர்கிறது. உயர்ந்தது எது என்று வினவுவது வீண். எனினும் பின்னதைத் தமிழ்ப் புனைகதை நெடுங்காலம் கண்டுகொள்ளவில்லை என்பதைக் குறிப்பிட்டே ஆக வேண்டும்.

இங்கு எர்னெஸ்ட் ஹெமிங்வேயின் ‘கிழவனும் கடலும்’ நாவலை ஒப்பிட்டுப் பார்க்கலாம். 1952இல் வெளிவந்த அக்கதையின் முதியவர் சாந்தியாகோ தனியே கடலுக்குச் செல்கிறார். பழகிய சிறுவன் உடன் இல்லையே என ஏங்குகிறார். அங்கு மனிதனின் உறுதி தனிமையில் சோதிக்கப்படுகிறது. ‘ஆழி சூழ் உலக’த்திலோ சோதனைக்கு உள்ளாவது உறவு. மூவருக்கும் ஒரு மரம். வலிமையும் குடிநீரும் குறைகின்றன. முதியவரின் உயிரா, இளைஞனின் உயிரா? வாய்விட்டுக் கேட்க முடியாத இக்கேள்வி அவர்களோடு சேர்ந்து மிதக்கிறது. 1985இன் மரத்தில் தொம்மந்திரை இல்லை. ஆனால் அவரோடு பழகிக் கோத்ராப் பிள்ளை கற்ற வாழ்வுமுறை அம்மரத்தில் இருக்கிறது. கதை முடிவை மாணவர் நாவலைப் படித்தே அறிக.

ஊரும் மொழியும்

போர்த்துக்கீசியர் காலத்தில், 1530களில், முத்துக்குளித்துறைப் பரதவர் கத்தோலிக்க சமயத்தைத் தழுவினர். அதனால் ஆமந்துறையின் வாழ்வில் கோயில் மணிக்கும் கடலோசைக்கும் சம இடம் உண்டு. மக்களின் துயரில் பங்குகொள்ளும் காகு சாமியார் என்னும் குருவின் பாத்திரம் நினைவில் நிற்பது.

பரதவரின் பேச்சுமொழியிலேயே நாவல் நடக்கிறது. அணியம் என்பது கலத்தின் முன்பகுதி. பருமல் என்பது பாயைத் தாங்கும் கழி. இத்தகைய சொற்களுக்கு நூலிலேயே பொருள் தரப்பட்டுள்ளது. முதல் ஐம்பது பக்கங்களில் வாசகர் தடுமாறக்கூடும். பாத்திரங்களின் எண்ணிக்கையும் மிகுதி. சொல்ல வேண்டியவை அனைத்தையும் முதல் நூலிலேயே சொல்லிவிடும் வேகம் சில இடங்களில் வெளிப்படுகிறது. அதனைக் குறையாகக் கொள்வோரும், பேசப்படாத ஒரு குடியின் வாய் திறந்தபோது எழுந்த பெருக்கு எனக் கொள்வோரும் உளர். பின்னவர் கூற்றே பொருத்தமுடையதாகத் தோன்றுகிறது.

வடசென்னைக் கரையிலிருந்து வாசித்தல்

இராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் மாணவர்க்கு இந்நாவல் தொலைவிலுள்ள ஊரின் கதையாகத் தோன்றாது. இராயபுரம் என்னும் பெயரே மீனவராக இருந்து திருத்தூதரான இராயப்பரின் பெயரால் அமைந்தது. தென்கரை மீனவர்க்குக் காற்றின் பெயர்கள் எவ்வாறோ, அவ்வாறே சென்னை மீனவர்க்குத் தெண்டி, வன்னி என்னும் நீரோட்டப் பெயர்கள். 1870களில் தொடங்கிய துறைமுகக் கட்டுமானம் கடலோர மணலின் வடதிசை நகர்வைத் தடுத்தது. தெற்கே மணல் சேர்ந்து மெரினா அகன்றது. வடக்கே கரை அரிக்கப்பட்டு, மீனவக் குப்பங்கள் பலமுறை இடம்பெயர்ந்தன. இன்று அங்கு அலையைத் தடுப்பவை கருங்கல் குவியல்கள். அனல்மின் நிலையங்களும் எண்ணூர்த் துறைமுகமும் முகத்துவாரத்தின் அமைதியை மாற்றியுள்ளன.

கலமும் மாறிவிட்டது. விசைப்படகுகளின் வரவால் எழுந்த மோதல்களுக்குப் பின், 1983இல் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் இயற்றப்பட்டது. கரையிலிருந்து மூன்று கடல்மைல் வரையுள்ள பகுதி மரபுவழி மீனவர்க்கென வகுக்கப்பட்டது. ஆயினும் பாய்விரித்த கட்டுமரங்களின் இடத்தை இயந்திரம் பூட்டிய கண்ணாடியிழைப் படகுகள் பெரும்பாலும் எடுத்துக்கொண்டன. ஆங்கிலத்தில் ‘கேட்டமரான்’ எனச் சென்று உலகச் சொல்லாகிய கட்டுமரத்தைப் பார்த்திராத மாணவர், தம் வீட்டு முதியவரிடம் அதைப் பற்றிக் கேட்கலாம். எவரோடு சேர்ந்து கடலுக்குச் சென்றார், எத்தனை ஆண்டுகள் என்பதையும் உடன் கேட்டறிக.

நூல்வெளி

ஆர். என். ஜோ டி குருஸ் 1963இல் பிறந்தவர். ‘ஆழி சூழ் உலகு’ நாவலைத் தமிழினி வெளியிட்டது; இதன் தலைப்பு கம்பராமாயணத் தொடரை நினைவூட்டுவது. நூல் வெளிவந்த ஆண்டின் இறுதியில், டிசம்பர் 26 அன்று, ஆழிப்பேரலை தமிழகக் கடற்கரையைத் தாக்கியது. இவருடைய இரண்டாம் நாவலாகிய ‘கொற்கை’ 2013ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி விருதைப் பெற்றது.