மேற்கோள் குறியும் நம் சரக்குப் பட்டியலும்

கள்ளிக்குப்பம், அம்பத்தூர், ஆவடி வட்டாரத்தில் இன்று கம்ப்யூட்டர் இல்லாத மளிகைக் கடை குறைவு. பில், விலைப் பட்டியல், மொத்த வியாபாரிக்கு எழுதும் கடிதம் என எல்லாம் அதில்தான். ஆனால் ஒரு சின்னக் குறி நம் கணக்கையே புரட்டிவிடும் என்பதைப் பட்டுத்தான் தெரிந்து கொண்டோம்.

2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தடை வந்தபின் பாக்குமட்டைத் தட்டு நன்றாக விற்கிறது. அதை அங்குலக் கணக்கில் வாங்குகிறோம். நம் கடையில் வேர்டில் பட்டியல் தட்டச்சு செய்து, எக்ஸெலுக்கு மாற்றி, பில் போடும் மென்பொருளில் ஏற்றினோம். சில நாள் கழித்துப் பார்த்தால் “10 அங்குலத் தட்டு” இரண்டு பெயரில் நிற்கிறது. ஒன்றில் சரக்கு இருக்கிறது, மற்றொன்றில் பூஜ்யம். பூஜ்யத்தைப் பார்த்த பையன் மறுபடி ஆர்டர் கொடுத்துவிட்டான். சரக்கு மூலையில் தேங்கியது. முதலும் அதனுடன் முடங்கியது.

காரணம் என்ன?

பழைய தட்டச்சுப் பொறியில் விசைகளை மிச்சப்படுத்த, திறக்கும் குறிக்கும் மூடும் குறிக்கும் ஒரே நேர்க்குறிதான் (") இருந்தது. கம்ப்யூட்டர் விசைப்பலகையும் அதையே பின்பற்றியது. அச்சில் அழகாக இருக்கட்டும் என்று வேர்ட் அதனை வளைந்த குறியாக (“ ”) தானே மாற்றிவிடுகிறது. நம் கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். கம்ப்யூட்டருக்கு நேர்க்குறியின் எண் 34. வளைந்தவற்றின் எண்கள் 8220, 8221. ஆகவே 10" என்பதும் 10” என்பதும் அதற்கு வெவ்வேறு பொருள்கள்!

மற்றொரு தொல்லை: இடைவெளிக்குப் பின் குறி வந்தால் ‘திறக்கும் குறி’ என்றே வேர்ட் எடுத்துக்கொள்ளும். '99 என்று ஆண்டைச் சுருக்கி எழுதினால் குறி தலைகீழாக விழுவது இதனால்தான். எக்ஸெல் சூத்திரத்தை வேர்டில் எழுதி ஒட்டினாலும், வளைந்த குறியைச் சூத்திரம் ஏற்காது, பிழை காட்டும்.

சரிசெய்யும் முறை

1. ஒரே ஒரு குறியை மட்டும் திருத்த: குறி வளைந்த உடனே கன்ட்ரோல் விசையுடன் ‘இசட்’ அழுத்துங்கள். நேர்க்குறி திரும்பி வரும்.

2. நிரந்தரமாக நிறுத்த: வேர்டில் ஃபைல், ஆப்ஷன்ஸ், ப்ரூஃபிங், ஆட்டோ கரெக்ட் ஆப்ஷன்ஸ், ‘ஆட்டோ ஃபார்மட் ஆஸ் யூ டைப்’ என்று வரிசையாகச் சென்று, ‘ஸ்ட்ரெயிட் கோட்ஸ் வித் ஸ்மார்ட் கோட்ஸ்’ என்பதற்கு எதிரே உள்ள டிக்கை எடுத்துவிடுங்கள். இலவச லிப்ரே ஆஃபீஸில் டூல்ஸ், ஆட்டோ கரெக்ட் ஆப்ஷன்ஸ், ‘லோக்கலைஸ்டு ஆப்ஷன்ஸ்’ பகுதியில் இது உள்ளது.

3. பழைய பட்டியலைத் திருத்த: முதலில் ஒரு நகல் எடுத்து வையுங்கள். இரண்டாம் படியை முடித்தபின் வேர்டின் ‘ஃபைண்ட்’ கட்டத்திலும் ‘ரீப்ளேஸ்’ கட்டத்திலும் " குறியையே இட்டு ‘ரீப்ளேஸ் ஆல்’ கொடுங்கள். எல்லாம் நேராகிவிடும். ஒற்றைக் குறிக்கும் அவ்வாறே செய்யுங்கள். டிக்கை எடுக்காமல் செய்தால் எல்லாம் வளைந்துவிடும்; எச்சரிக்கை.

4. எக்ஸெலிலிருந்து சி.எஸ்.வி. கோப்பாகச் சேமிக்கும்போது ‘சிஎஸ்வி யூடிஎஃப்-8’ வகையைத் தேர்ந்தெடுங்கள். சாதாரண வகையில் தமிழ்ப் பெயர்கள் கேள்விக்குறிகளாகிவிடும்.

பழைய தமிழ் எழுத்துருக்கள்

பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் ஆங்கில விசையின் எண்ணிலேயே தமிழெழுத்தை வைத்திருந்தார்கள். அரைப்புள்ளி விசை மெய்யெழுத்தின் புள்ளியாகும். காற்புள்ளி விசை ‘இ’ ஆகும். இத்தகைய எழுத்துருவில் வளைந்த குறிக்கு உரிய இடத்தில் வேறு எழுத்து இருந்தால் அதுவே அச்சில் விழும். இடம் வெறுமையாக இருந்தால் கட்டம் விழக்கூடும். நோட்டீஸ் அடிக்கக் கொடுக்குமுன் ஒருமுறை பார்த்துக் கொள்வது நல்லது. யூனிகோடில் இத்தொல்லை இல்லை. 2010-இல் தமிழ்நாடு அரசும் அதனை ஏற்றுக்கொண்டது. இனிப் புதுப் பட்டியல்களை யூனிகோடிலேயே தொடங்குவோம்.

முடிவாக ஒரு யோசனை. கடிதத்திலும் நோட்டீஸிலும் வளைந்த குறி அழகுதான், இருக்கட்டும். சரக்குப் பட்டியலில் மட்டும் எந்தக் குறியும் வேண்டாம். ‘10 இஞ்ச் தட்டு’ என்று எழுத்தாலேயே எழுதுவோம். நாம் அப்படி மாற்றிய பிறகு ஒரே சரக்கு இரண்டு பெயரில் ஏறவில்லை. இன்றிரவு கடை அடைக்குமுன் உங்கள் பட்டியலிலும் இரட்டைப் பெயர் ஏதேனும் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.