மனநலப் பிரிவில் பார்வையாளர் நேரம்

இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் (விலங்கியல்)

நம் வகுப்பில் எவனாவது ஏறுக்குமாறாகப் பேசிவிட்டால், "கீழ்ப்பாக்கம் கேஸ்" என்று பின் பெஞ்சிலிருந்து குரல் வரும். நானும் சொல்லிச் சிரித்தவன்தான். 1794-இல் தொடங்கப்பெற்று, 1871 முதல் கீழ்ப்பாக்கத்தில் இயங்கிவரும் ஒரு மருத்துவமனையை நாம் வசைச்சொல்லாக்கி வைத்திருக்கிறோம் என்பது அப்போது உறைக்கவில்லை. சென்ற ஆண்டு என் அக்காவை வேறோர் ஊரில் ஒரு மருத்துவமனையின் மனநலப் பிரிவில் சேர்த்த பிறகு உறைத்தது.

அக்காவுக்குப் பெண் குழந்தை பிறந்த ஒன்பதாம் நாள் தூக்கம் போயிற்று. பன்னிரண்டாம் நாள், குழந்தையை யாரோ மாற்றிவிட்டார்கள் என்று சொல்லத் தொடங்கினாள். வீட்டில் மந்திரித்துப் பார்த்தார்கள். இது மகப்பேற்றுக்குப் பின் வரும் ஒருவகை மனநோய். ஆயிரம் பிரசவங்களில் ஒன்றிரண்டு பேருக்கு வரும். பெரும்பாலும் முதல் இரண்டு வாரங்களுக்குள் தலைகாட்டும். காலத்தோடு மருத்துவம் செய்தால் குணமாகும் என்பதெல்லாம் பின்னால் அறிந்தவை. எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறியவன் நான் ஒருவனே. ஆகவே, மருத்துவமனையில் தந்த விதிமுறைத் தாளை அம்மாவுக்கு வாசித்துக் காட்டும் வேலை என்னுடையதாயிற்று. வாசித்தேனே தவிர, அதில் பாதி எனக்கே விளங்கவில்லை. இக்கட்டுரை அந்தத் தாளைப் பற்றியதே.

சேர்க்கும்போதே வளையல், கொலுசு, கொண்டை ஊசி, துப்பட்டா எல்லாவற்றையும் கேட்டு வாங்கினார்கள். தாலிக் கயிற்றையும் கழற்றச் சொன்னபோது அம்மா அழத் தொடங்கிவிட்டார். "சுமங்கலிப் பொண்ணும்மா, எப்படிக் கழட்டறது?" செவிலியர் கோபப்படவில்லை. "உங்க பொண்ணுக்காக மட்டும் சொல்லலைம்மா. உள்ளே இன்னும் இருபது பேர் இருக்காங்க. அவங்க கைக்குப் போயிடக் கூடாதுல்ல?" என்றார். கடைசியில் மாமாவே கழற்றி, மஞ்சள் துணியில் முடிந்து வாங்கிக்கொண்டார். பதிவேட்டில் எழுதிக் கையெழுத்தும் பெற்றார்கள். குளியலறைக் கதவுக்கு உள்தாழ் இல்லாதது, கண்ணாடிப் பாட்டிலும் தீப்பெட்டியும் வாசலைத் தாண்டாதது, செவிலியர் அடிக்கடி தலைகளை எண்ணிச் செல்வது ஆகிய எல்லாவற்றுக்கும் இதே கணக்குதான். நான் அதை அக்காவின் மீதுள்ள சந்தேகம் என்று எடுத்துக்கொண்டு இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன்.

கட்டுப்பாடு வேறு, கட்டிப்போடுவது வேறு. 2001 ஆகஸ்டு 6-ஆம் நாள் ஏர்வாடியில் ஒரு மனநோயாளர் காப்பகத்தில் தீப்பிடித்தபோது, சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தவர்கள் ஓட முடியாமல் கருகினர். 28 பேர் இறந்தனர். 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்த 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியிடுவதை எவ்வகையிலும் தடை செய்துவிட்டது. தனியறையில் பூட்டி வைப்பதும் கூடாது. உடனடி ஆபத்தைத் தடுக்க வேறு வழியே இல்லாதபோது மட்டும், மனநல மருத்துவரின் அனுமதியோடு, குறைந்த நேரம் கட்டுப்படுத்தலாம். காரணத்தை எழுதி வைத்து, நோயாளி சார்பில் நியமிக்கப்பட்டவருக்கு 24 மணி நேரத்துக்குள் தெரிவிக்கவும் வேண்டும். மொட்டையடிக்கக் கட்டாயப்படுத்தக்கூடாது, விரும்பினால் சொந்த உடையே உடுத்தலாம் என்றும் அச்சட்டம் கூறுகிறது. அக்கா வீட்டு நைட்டியைத்தான் அணிந்திருந்தாள்.

சாப்பாட்டு விஷயத்தில்தான் அம்மாவுக்கும் செவிலியர்களுக்கும் நாள்தோறும் வழக்கு. பிள்ளை பெற்றவளுக்கு எங்கள் வீட்டில் பத்தியம் உண்டு. உப்பைக் குறைப்பார்கள், தண்ணீரை அளந்து கொடுப்பார்கள், லேகியம் கிண்டித் தருவார்கள். அக்காவுக்குக் கொடுத்த மருந்துகளில் ஒன்று லித்தியம். தனிம வரிசை அட்டவணையில் லித்தியமும் சோடியமும் ஒரே தொகுதி என்பதை நாம் அறிவோம். சிறுநீரகமும் அவற்றை ஏறக்குறைய ஒன்றாகவே நடத்துகிறது. உடலில் உப்பும் நீரும் குறைந்தால் அது சோடியத்தை விடாமல் மீட்டுக்கொள்ளும். கூடவே லித்தியத்தையும் மீட்டுவிடும். இரத்தத்தில் லித்தியம் ஏறினால் வாந்தி, கை நடுக்கம், தள்ளாட்டம் என்று தொடங்கி உயிருக்கே ஆபத்தாகலாம். அன்போடு கொடுக்கும் பத்தியம் நஞ்சாகும் விதம் இதுதான். நான் இதைச் சொன்னபோது அம்மா நம்பவில்லை. மருத்துவர் சொன்ன பிறகு ரசத்தில் உப்புப் போட்டார்.

பார்வை நேரம் மாலை நான்கு முதல் ஐந்து வரை. முதல் நாள் நான் செய்த தவறு ஒன்றைச் சொல்ல வேண்டும். அப்பா வரவில்லை. ஊரில், அக்கா மாமியார் வீட்டில் இருப்பதாகச் சொல்லியிருந்தார்கள். அவர் வந்தால் தெரிந்துவிடுமாம். அவருக்குக் காட்டலாம் என்று பார்வையாளர் அறையில் அக்காவைக் கைபேசியில் படம் பிடித்தேன். பின்னால் உட்கார்ந்திருந்த ஒரு பெண், நம் வயதுதான் இருக்கும், இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டாள். செவிலியர் படத்தை அழிக்கச் சொன்னார். "இதென்ன ஜெயிலா?" என்று கேட்டுவிட்டேன். எங்கள் வீட்டு ரகசியத்தை ஊருக்கு மறைத்துக்கொண்டே, அந்தப் பெண்ணின் ரகசியத்தை என் பையில் போட்டுக்கொண்டு வரப் பார்த்தேன்.

நான்காம் நாள், "யாரையும் பார்க்க மாட்டேன்" என்று அக்கா சொல்லிவிட்டாள். இரண்டரை மணி நேரம் பேருந்தில் வந்திருந்தோம். அம்மா கெஞ்சியும் அவர்கள் அக்காவை அழைத்து வரவில்லை. வருபவரைப் பார்ப்பதைப் போலவே பார்க்க மறுப்பதும் நோயாளியின் உரிமை என்று அதே சட்டம் சொல்வதைப் பிறகு படித்தேன். அன்று பழங்களைக் கொடுத்துவிட்டுத் திரும்பினோம். மறுநாளும் போனோம். வந்துவிட்டோம் என்ற செய்தி உள்ளே போகும் என்று செவிலியர் சொன்னதால்தான் போனோம்.

உறவினரை வாசலில் நிறுத்துவதே பழைய மருத்துவமனைகளின் வழக்கம். அதை மாற்றியவர்களுள் ஒருவர் அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையின் டாக்டர் வித்யாசாகர். 1950-களில் அவர் வளாகத்திலேயே கூடாரமடித்து, குடும்பத்தாரை நோயாளிகளுடன் தங்கவைத்தார். பெங்களூர் நிம்ஹான்ஸில் 2009 முதல் தாயும் சேயும் சேர்ந்தே தங்கும் பிரிவு இருக்கிறது. மூன்று வயதுக்குட்பட்ட குழந்தையைச் சிகிச்சை பெறும் தாயிடமிருந்து பொதுவாகப் பிரிக்கக்கூடாது. ஆபத்து என்று கருதிப் பிரித்தாலும், மேற்பார்வையில் தாய் குழந்தையைப் பார்க்க வழி செய்ய வேண்டும். பிரித்த முடிவைப் பதினைந்து நாளுக்கு ஒருமுறை ஆராய வேண்டும் என்பது சட்டம். எங்களுக்கும் அப்படித்தான் நடந்தது. முதலில் பத்து நிமிடம். குழந்தை அம்மாவின் மடியில், செவிலியர் கையெட்டும் தூரத்தில். அக்கா குழந்தையைத் தொடவே இல்லை. மூன்றாம் வாரம் ஒரு நாள், "கண்ணுக்குள்ள போற மாதிரி யாரு பொட்டு வச்சது?" என்று அதட்டிக்கொண்டே குழந்தையை வாங்கி, மையைத் துடைத்தாள். அன்று செவிலியர் நாற்காலியைச் சற்றுத் தள்ளிப் போட்டுக்கொண்டார். அடுத்த ஞாயிறு அப்பாவும் வந்தார். ஒரு மணி நேரமும் பேசாமல் ஆரஞ்சு உரித்துக் கொடுத்துக்கொண்டே இருந்தார்.

அக்கா இப்போது வீட்டில் இருக்கிறாள், மருந்து தொடர்கிறது. இதை ஆண்டு மலருக்குக் கொடுக்கலாமா என்று அவளிடமே கேட்டேன். முழுவதையும் வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, "என் பேரைப் போடாதே. தாலி விஷயத்தை மட்டும் அம்மாகிட்ட கேட்டுக்கோ" என்றாள். அம்மாவும் சரி என்றார்.