ஓர் இழையில் 32 வீடுகள்

எண்ணூர் நெடுஞ்சாலையில் கண்டெய்னர் லாரிகள் துறைமுக வாயிலை நோக்கி வரிசை கட்டி நிற்பதை வடசென்னை மாணவர்கள் பார்த்திருப்பீர்கள். லாரிகள் பல, வாயிலோ ஒன்று. வீடுகளுக்கு இணையம் கொண்டுவரும் ஒளியிழையிலும் இதே சிக்கல் உண்டு.

தொலைபேசி நிலையத்திலிருந்து புறப்படும் ஓர் இழையை, வழியில் ஒரு பிரிப்பான் 32 கிளைகளாகப் பிரிப்பதாகக் கொள்வோம். பிரிப்பானுக்கு மின்சாரமே தேவையில்லை. ‘ஜிபான்’ எனப்படும் இம்முறைக்கான கருவிகளை நம் நாட்டின் சி-டாட் நிறுவனமும் உருவாக்கியுள்ளது. நிலையம் 1490 நானோமீட்டர் அலைநீள ஒளியில் பேசுகிறது. பேசுவது அது ஒன்றுதான், ஆகவே தொல்லையில்லை. வீடுகள் 1310 நானோமீட்டரில் பதில் அனுப்புகின்றன. இரு வீடுகள் ஒரே சமயத்தில் அனுப்பினால் செய்திகள் மோதிச் சிதையும்.

வீடுகள் அனுப்பும் திசையில் இழை செகண்டுக்கு 124.4 கோடி பிட்டுகள் சுமக்கும். சமமாகப் பங்கிட்டால் வீட்டுக்கு 3.9 கோடி. ஆனால் நள்ளிரவில் இரண்டே வீடுகள் விழித்திருந்தால் மற்ற 30 பங்கும் வீண்தானே? எனவே ஒவ்வொரு வீட்டு மோடமும் தன்னிடம் எத்தனை பைட் காத்திருக்கிறது என்று அறிவிக்கிறது. நிலையம் 125 மைக்ரோ செகண்டுக்கு ஒருமுறை, யார் எப்போது தொடங்கி எப்போது நிறுத்த வேண்டும் என்று ஆணையிடுகிறது.

தூரமும் குறுக்கிடும். நிலையம் ராயபுரத்தில் உள்ளது என்போம். ஒரு வீடு 2 கிலோமீட்டரில்; மற்றொன்று எண்ணூரில், 14 கிலோமீட்டரில். கண்ணாடி இழையில் ஒளி ஒரு கிலோமீட்டர் செல்ல 5 மைக்ரோ செகண்டு ஆகும். ஆணை போய்ப் பதில் திரும்ப, முதல் வீட்டுக்கு 20, எண்ணூருக்கு 140. வேறுபாடு 120! நிலையம் இதை முன்னரே அளந்து, அருகிலுள்ள மோடத்தை அவ்வளவு நேரம் தாமதித்துப் பேசச் சொல்லிவிடுகிறது.

கேட்டவர்க்கெல்லாம் கேட்டபடி கொடுக்கலாமா? நாள் முழுதும் காமிராப் படங்களை அனுப்பும் ஒரு கிடங்கு இழையையே விழுங்கிவிடும். பக்கத்து வீட்டு மாணவியின் தேர்வு விடைத்தாள் நகராது. ஆகவே ஒவ்வொருவருக்கும் குறைந்த அளவு உறுதி செய்யப்படுகிறது. அதிக அளவுக்கும் வரம்பு உண்டு. மிச்சம்தான் தேவைக்கேற்பப் பங்கிடப்படும். வேகத்தைவிட இந்த ஏற்பாட்டையே நான் பெரிதாக மதிக்கிறேன்.

இழை நன்றாக இயங்குகிறதா என்று பார்க்கச் சராசரி வேகம் போதாது. காத்திருப்பைக் கணக்கிட வேண்டும். டென்மார்க்கின் எர்லாங் 1909-இல் தொலைபேசி அழைப்புகளுக்காகத் தொடங்கிய கணக்கு வழி இங்கும் உதவும். அதன் மிக எளிய வடிவில், நிரம்பிய பங்கைக் காலிப் பங்கால் வகுத்தால், சராசரியாக வரிசையில் உள்ளவை கிடைக்கும். பாதி நிரம்பினால் 1, 90 விழுக்காட்டில் 9, 95-இல் 19. 99 விழுக்காட்டுக்கு நீங்களே போட்டுப் பாருங்கள்.