வாசிப்பு வகுப்புக்கு மானியம் தேடுவது எப்படி?

மலாக்காவில் 21 தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. மெர்லிமாவ், காடேக், தெபோங், புக்கிட் லிந்தாங் என்று பல பள்ளிகள் தோட்டப்புறத்திலோ சிறு பட்டணத்திலோ இருப்பவை. அங்கே சனிக்கிழமை வாசிப்பு வகுப்பு நடத்த நம் கிளைகளில் ஆளுக்குப் பஞ்சமில்லை. பெட்ரோல் காசு தீர்ந்ததும்தான் வகுப்பு நின்றுபோகிறது. எழுத்துக்கூட்டிப் படிக்க ஆரம்பித்த ஆண்டு 3 பிள்ளை அப்படியே ஆண்டு 4-க்குப் போய்விடுகிறது.

சரி, காசு எங்கே இருக்கு? 2014-இல் செடிக் என்று தொடங்கி 2018-இல் மித்ரா என்று பெயர் மாறிய அரசாங்கப் பிரிவு, இந்தியர் அமைப்புகளுக்கு மானியம் வழங்கியிருக்கிறது. கசானா நேஷனலின் யாயாசான் ஹசானா கல்வித் திட்டங்களுக்கும் உதவுகிறது. எல்லாரும் முதலில் ஓடுவது இங்கேதான். நான் அதைக் கடைசியில் வைக்கச் சொல்வேன்.

ஏன் என்றால், கொடுப்பவர் நம் ஏழ்மையை மட்டும் பார்த்துக் கொடுப்பதில்லை. 1960-இல் துன் வீ.தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியபோது, துண்டாடப்பட்ட தோட்டங்களால் பிழைப்பை இழந்துகொண்டிருந்த தொழிலாளிகளே பத்துப் பத்து வெள்ளியாகப் போட்டார்கள். எதற்கு என்று தெளிவாகத் தெரிந்தது: தோட்டம் வாங்க. பங்கு அவரவர் பெயரில் இருந்தது. 1961-இல் கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டத்தை வாங்கியும் காட்டினார்கள்.

நம் கெர்த்தாஸ் கெர்ஜாவிலும் அந்தத் தெளிவு வேண்டும். "பின்தங்கிய மாணவர்களுக்கு உதவ" என்று எழுதினால் யாருக்கும் எதுவும் புரியாது. முதல் வாரமே எல்லாப் பிள்ளைகளையும் ஒரே பத்தியை ஒரு நிமிடம் வாசிக்கச் சொல்லி, சரியாக வாசித்த சொற்களை எண்ணிக் குறித்துவையுங்கள். மூன்று மாதம் கழித்து அதே அளவுள்ள வேறொரு பத்தி. பொறியியல் லேப்பில் நாங்கள் செய்வதும் இதுதான், முதலில் ரீடிங் எடுக்காமல் எதையும் தொடமாட்டோம்.

பிறகு செலவு. உதாரணத்துக்கு 30 பிள்ளைகள், 40 சனிக்கிழமைகள். பயிற்சித்தாள், எழுதுபொருள் தலைக்கு 12 வெள்ளி என்றால் 360. பசியாற ஒரு பிள்ளைக்கு 2 வெள்ளி என்றால் 2,400. நான்கு தொண்டர்களின் பெட்ரோலுக்கு வாரம் பத்துப் பத்து வெள்ளி, அது 1,600. மொத்தம் 4,360 வெள்ளி. ஒரு பிள்ளைக்கு ஆண்டு முழுக்க ஏறக்குறைய 145 வெள்ளிதான்! திருவிழா அன்னதானத்தில் ஒரு வேளைக்கு ஆகும் செலவை நினைத்துப் பாருங்கள், கோவில் நிர்வாகத்திடம் கேட்கக் கூச்சமே வராது.

கேட்கப் போகுமுன் கிளையின் பதிவைச் சரிபாருங்கள். இளைஞர் அமைப்புகளுக்கு 2007-ஆம் ஆண்டின் 668-ஆம் சட்டம், மற்றச் சங்கங்களுக்கு 1966-ஆம் ஆண்டின் சங்கச் சட்டம். வங்கிக் கணக்கு சங்கத்தின் பெயரில் இருக்கட்டும், தலைவர் அண்ணனின் சொந்தக் கணக்கு வேண்டாம். கம்பெனிகளிடம் போவதானால், வருமான வரிச் சட்டம் 44(6) பிரிவில் அங்கீகாரம் பெற்ற அமைப்பு ஒன்றோடு சேர்ந்து போங்கள். கொடுப்பவருக்கு வரிக்கழிவு கிடைக்கும்.

முதல் ஆண்டை உள்ளூர்க் காசில் முடித்து, இரண்டு முறை எடுத்த வாசிப்புக் கணக்கையும் ரசீதுகளையும் ஒரே கோப்பில் கட்டுங்கள். பெரிய மானியத்துக்கு எழுதும்போது அந்தக் கோப்பை முதல் இணைப்பாக வைக்கலாம்.