ஆண்டுப் பட்டியலும் பறவைக் கணக்கும்

மைசூரு மாவட்டம் நஞ்சன்கூடு வட்டத்தில் உள்ள ஹதினாரு ஏரிக்குக் குளிர்காலத்தில் வரித்தலை வாத்துகள் வருகின்றன. மங்கோலியா, திபெத் முதலிய பகுதிகளில் குஞ்சு பொரிக்கும் இவை, இமயமலையைக் கடந்து வருபவை. இத்தகைய நீர்நிலைகளுக்கு ஒரு நாள் பயணமாகச் சென்று, கண்ட இனங்களை ஆண்டுதோறும் பட்டியலிடும் ஆர்வலர்கள் உண்டு. அப்பட்டியல் எப்போது பயனுள்ள புள்ளிவிவரமாகிறது?

ஓர் ஆண்டில் 10 பயணங்களில் 80 இனங்களும், மறு ஆண்டில் 20 பயணங்களில் 95 இனங்களும் காணப்பட்டன எனக் கொள்வோம். பறவை வளம் பெருகியது என முடிவு செய்வது பிழை, பெருகியவை பயணங்களே. பயணத்திற்கு இத்தனை இனம் என வகுத்தால், வளம் சரிந்ததாகத் தோன்றும். அதுவும் பிழையே; பயணங்கள் கூடக்கூட, முன்பு கண்ட இனங்களே மீண்டும் தென்படும். எனவே ஒரே இடம், ஒரே பருவம், ஒரே கால அளவு ஆகியவையே ஒப்பீட்டிற்கு அடிப்படை.

1987ஆம் ஆண்டு தொடங்கிய ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பில், ஆண்டுதோறும் ஜனவரி மாதத்தில் தன்னார்வலர்கள் நீர்நிலைவாரியாகப் பறவைகளை எண்ணுவது இக்காரணம் பற்றியே.

ஆகவே நாள், நேரம், இடம், எண்ணிக்கை, நீர்மட்டம் ஆகியவை பட்டியலில் இடம்பெற வேண்டும். தேடியும் காணாத இனமும் பதிவாக வேண்டும். வாத்துகள் வராத ஆண்டைக் குறித்து வைக்காவிடில், ஏரிக்கு நேர்ந்த கேட்டை உரிய காலத்தில் உணர இயலாது.