நாலாவது ஸ்டேஜ் என்றால்



“நாலாவது ஸ்டேஜாம், இனிமே பார்த்து என்ன பிரயோஜனம்” என்று தஞ்சாவூர்ப் பக்கத்து வீடுகளில் பேசுவதைக் கேட்டிருப்பாய். புற்றுநோயின் ஸ்டேஜ் எண்ணை மிச்சமிருக்கும் நாள்களின் கணக்காகவே நாம் எடுத்துக்கொள்கிறோம். டாக்டர்கள் அதைக் குறிப்பது முதலில் என்ன வைத்தியம் என்று முடிவெடுக்கத்தான். வாய்ப்புற்றையே பார். காவிரிக்கரை வெற்றிலைக்குப் பேர்போனது. அதோடு பாக்கும் புகையிலையும் சேர்த்துக் கன்னத்தில் அடக்கிக்கொள்பவர்களுக்குப் பல சமயம் அடக்கிய அதே இடத்தில் ஆறாத புண் வருகிறது. டாக்டர் பார்ப்பவை மூன்று: கட்டியின் அளவும் ஆழமும், கழுத்து நிணநீர் முடிச்சுகளுக்குப் பரவியதா, நுரையீரல் போன்ற தொலைவான உறுப்புக்குப் போனதா. பிரான்ஸின் டாக்டர் பியர் தெனுவா 1940களில் வகுக்கத் தொடங்கிய முறை இது. இரண்டு சென்டிமீட்டருக்குள், ஐந்து மில்லிமீட்டருக்கு மேல் ஆழம் போகாமல், எங்கும் பரவாமல் இருந்தால் முதல் ஸ்டேஜ். தாடை எலும்புக்குள் புகுந்துவிட்டால், வேறெங்கும் பரவாவிட்டாலும் நாலாவதுதான். ஆனால் அதிலேயே ஏ, பி, சி என்று பிரிவு உண்டு. ‘4ஏ’ என்றால் பெரும்பாலும் தாடையில் ஒரு பகுதியோடு கட்டியை எடுத்து, பிறகு கரண்டு (கதிர்வீச்சு) வைப்பார்கள், குணமாக்கத்தான் இவ்வளவும். தொலைவான உறுப்புக்குப் போய்விட்ட ‘4சி’யில்தான் பொதுவாக நோயைக் கட்டுப்படுத்துவதும் வலியைக் குறைப்பதும் குறிக்கோளாகின்றன. இரண்டையும் ஒரே ‘நாலு’க்குள் போட்டு, ஆளை வீட்டுக்குக் கூட்டிவந்துவிடுவது கொடுமை.

ஸ்டேஜ் ஏற ஏறப் பிழைப்பவர்கள் குறைகிறார்களே என்பாய். உண்மைதான், ஆனால் அது பலரைச் சேர்த்துப் பார்த்த சராசரி. தவிர, உறுப்புக்கு உறுப்பு எண்ணின் பொருளே மாறும். 55 வயதுக்குக் கீழே உள்ளவரின் சாதாரணவகைத் தைராய்டு புற்று நுரையீரல் வரை போனாலும் அது இரண்டாவது ஸ்டேஜ்தான். சரி, எண் சிறியதென்றால் சின்ன ஆபரேஷன் போதுமா? மும்பை டாடா நினைவு மருத்துவமனை 2015-இல் ஓர் ஆய்வின் மூலம் பதில் சொன்னது. ஆரம்பநிலை வாய்ப்புற்று, கழுத்தில் எதுவும் தென்படாத நோயாளிகள். கழுத்து முடிச்சுகளையும் அப்போதே எடுத்தவர்களில் மூன்று வருடம் கழித்து 80 சதவீதம் பேர் உயிரோடிருந்தார்கள்; பரவியது தெரிந்தபின் எடுக்கலாம் என்று காத்திருந்தவர்களில் 67.5 சதவீதம். கைக்கும் ஸ்கேனுக்கும் அகப்படாத பரவல் உண்டு என்பதே காரணம். அதனால் ஆபரேஷனுக்குப் பிறகு வரும் பயாப்ஸி ரிப்போர்ட்டில் ஸ்டேஜ் மாறினால், டாக்டர் ஏமாற்றிவிட்டார் என்று சண்டைக்குப் போகாதே.

வீட்டில் யாருக்காவது இந்த நோய் என்றால் மூன்று கேள்வி கேள்: எந்த உறுப்பில் எந்த ஸ்டேஜ், அதில் எந்தப் பிரிவு? எதை வைத்துச் சொல்கிறீர்கள்? வைத்தியம் குணமாக்கவா, கட்டுப்படுத்தவா? செலவுக்குப் பயந்து தள்ளிப்போடாதே. முதலமைச்சர் காப்பீட்டு அட்டையில் புற்றுநோய் சிகிச்சையும் அடக்கம்.